அறுந்த இழையைப் பிணைப்பவர் யார்?

ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரை சேர்ந்தபின், நம்மைச் சுமந்து வந்த பாலத்தைத் திரும்பிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? நலமாக இருக்கும் வரை பாலம் நம் கண்ணில் படுவதில்லை. அதைப் பற்றி ஊரார் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்றால், ஏதோ தீங்கு நேர்ந்துவிட்டது என்றே பொருள். ஆகவே பாலத்தைக் குறித்த அறக்கேள்வி ஒன்றை, அது விழுமுன்னரே கேட்டுப் பார்ப்பது நல்லது. நாம் கட்டாத ஒன்றை, நமக்கு முன் வாழ்ந்தோர் நமக்கெனக் கட்டி வைத்துச் சென்ற ஒன்றைப் பேணிக் காக்கும் கடமை நமக்கு உண்டா? உண்டு எனில், அது பெருந்தன்மையால் செய்யும் உதவியா, அல்லது செலுத்தியே ஆகவேண்டிய கடனா?

ஆரணியில் வாழும் நமக்கு இக்கேள்வி அயலானதன்று. நம் ஊரின் கமண்டல நாகநதி ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால், பாலத்தின் அருமை மழைக்காலத்தில்தான் நமக்குப் புலப்படுகிறது. ஆயினும் நம் தறிகளுக்கு வரும் பொருள்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம். கர்நாடகத்துப் பட்டு நூலும், குஜராத்தின் சூரத் நகரத்துச் சரிகையும் ஆறுகள் பலவற்றைக் கடந்தே நம்மிடம் வந்து சேர்கின்றன. நெய்து முடித்த சேலைகளும் அவ்வாறே ஆறுகளைக் கடந்து கடைகளுக்குச் செல்கின்றன. யாரோ, எப்போதோ கட்டிய பாலங்களின் மேல் நடந்துதான் நம் ஊரின் சோறு வருகிறது.

தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் நெசவாளர் என்ன செய்கிறார்? பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் உள்ளன. ஒன்று அறுந்ததால் சேலை கிழிந்துவிடப் போவதில்லை. ஆயினும் அவர் நாடாவை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, வேறோர் இழையைச் சேர்த்து முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் கோத்து, அதன் பின்னரே மிதிப்பலகையில் கால் வைக்கிறார். கூலி சேலைக்குத்தான், முடிச்சுக்கு எவரும் கூலி தருவதில்லை. அந்த முடிச்சை வாங்குபவர் காணப்போவதும் இல்லை. இருந்தும் அதைப் போடாமல் நெய்துகொண்டே போகிறவரை நல்ல நெசவாளர் என்று நாம் சொல்வதில்லை. ஆறுகளின் மேல் நிற்கும் பழைய இரும்புப் பாலங்களின் கதையும் ஏறக்குறைய இந்த முடிச்சின் கதையே.

நாற்பத்தொன்பது கம்பிகள்

நமக்குச் சரிகை தரும் அதே குஜராத் மாநிலத்தில் மோர்பி என்றொரு நகரம் உண்டு. அங்கே ஓடும் மச்சு ஆற்றின் மேல், சமஸ்தான மன்னர் வாக்ஜி தாக்கோர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டில் தொங்கு பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக மக்கள் அதன்மேல் நடந்து மகிழ்ந்தனர். பழுதுபார்ப்பதற்காகச் சில மாதங்கள் மூடப்பட்டிருந்த அப்பாலம், 2022 அக்டோபர் 26ஆம் நாள், குஜராத்தி மக்களின் புத்தாண்டு நாளில், மீண்டும் திறக்கப்பட்டது. நான்கே நாள்களில், அக்டோபர் 30ஆம் நாள் மாலையில், அதன் வடம் அறுந்தது. 135 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகள் பலர்.

அரசு அமைத்த சிறப்புப் புலனாய்வுக் குழு அந்த வடத்தை ஆராய்ந்தது. வடத்தில் ஏழு புரிகள். புரிக்கு ஏழு எஃகுக் கம்பிகள். ஆக 49 கம்பிகள். அவற்றுள் 22 கம்பிகள் துருப்பிடித்திருந்தன. விபத்திற்கு முன்னரே அவை அறுந்து போயிருக்கக்கூடும் என்று அக்குழுவின் முதற்கட்ட அறிக்கை கூறியது. அன்று மாலை கூடிய கூட்டத்தைத் தாங்க முயன்றவை எஞ்சிய 27 கம்பிகளே. பழுதுபார்த்த வேளையில் நடைதளம் புதிதாக மாற்றப்பட்டிருந்தது, வடம் மாற்றப்படவில்லை. பழைய தொங்கு கம்பிகளோடு புதியவற்றைப் பற்றவைத்து இணைத்திருந்ததும் குறையாகக் கண்டறியப்பட்டது.

நெசவு அறிந்த ஊராருக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. முந்தானையில் சரிகை மின்ன, உடலில் பாவு இழைகள் ஏறக்குறையப் பாதி அறுந்து கிடக்கும் சேலை ஒன்றை மடித்துப் பெட்டியில் வைத்து விற்பவரை நாம் என்னவென்று அழைப்போம்? கண்ணுக்குத் தெரியும் இடத்தைப் புதுப்பிப்பது எளிது. திறப்பு விழாவிற்கும் அதுவே துணை. பாரத்தைத் தாங்கும் இடமோ பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடம். அங்கே செய்யும் வேலைக்குப் படம் எடுப்பாரும் இல்லை, மாலை சூட்டுவாரும் இல்லை.

பொறுத்துக்கொள்ளும் இரும்பு

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 22 கம்பிகள் முன்னரே அறுந்திருந்தன என்றால், அந்தப் பாலம் அதுவரை ஏன் நின்றது?

பாலம் அமைக்கும் பொறியாளர், அன்றாடம் அதன்மேல் ஏறும் பாரத்திற்குப் போதுமான வலிமையோடு நிறுத்திக்கொள்வதில்லை. அதற்கு மேலும் பல மடங்கு வலிமையைச் சேர்த்து வைக்கிறார். இதைப் பாதுகாப்புக் காரணி என்பர். தாம் இறந்த பின் வரப்போகும் கூட்டம் எத்தகையது என அவருக்குத் தெரியாது. பிற்காலத்தார் எவ்வளவு பாரம் ஏற்றுவர், எவ்வளவு அசட்டையாக இருப்பர் என்பதும் தெரியாது. தெரியாத அந்த மனிதருக்காக அவர் கூடுதலாக இரும்பு இடுகிறார். முன்கூட்டியே அளிக்கப்பட்ட மன்னிப்பு என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

ஆனால் மன்னிப்பைப் பெற்றவர் அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதில்தான் அறம் இருக்கிறது. பாலம் நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது; ஆகவே நாளையும் நிற்கும் என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். அதன் பொறுமையை அதன் நலம் என்று தவறாகப் படிக்கிறோம். ஒரு கம்பி அறுந்தபோது ஒன்றும் நிகழவில்லை. பத்துக் கம்பிகள் அறுந்தபோதும் ஒன்றும் நிகழவில்லை. ஒன்றும் நிகழாத ஒவ்வொரு நாளும், பார்க்காமல் இருக்க நமக்கு மேலும் ஒரு சாக்கைத் தந்தது. தாங்கும் தன்மை மிகுந்த பொருளே நம் அலட்சியத்தையும் நெடுங்காலம் தாங்குகிறது.

இதற்கு மாறான ஒன்றையும் நோக்குவோம். அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேல், பாயின்ட் பிளசன்ட் என்னும் சிறு நகரில், 1928இல் சில்வர் பாலம் கட்டப்பட்டது. துளையிட்ட எஃகுப் பட்டைகளைச் சங்கிலி போலக் கோத்து, அச்சங்கிலியில் பாலத்தைத் தொங்கவிட்டிருந்தனர். சங்கிலியின் கண்ணி ஒன்றுக்கு இரண்டே பட்டைகள். 1967 டிசம்பர் 15ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பொருள் வாங்கச் சென்ற மக்களின் வண்டிகள் நிறைந்திருந்த மாலை வேளையில், ஒரு பட்டை முறிந்தது. துணைப்பட்டையால் தாங்க இயலவில்லை. ஒரு நிமிட அளவில் பாலம் முழுவதும் ஆற்றில் வீழ்ந்தது. 46 பேர் இறந்தனர். காரணம், பட்டையின் துளையருகே இருந்த, ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஒரு விரிசல். பாலத்தைப் பிரித்தெடுத்தாலன்றிக் காணமுடியாத இடத்தில் அது இருந்தது.

இவ்விரு பாலங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தெரியாமை வேறு, பாராமை வேறு என்பது விளங்கும். சில்வர் பாலத்தின் விரிசலை அன்றைய நிலையில் எவராலும் கண்டிருக்க முடியாது. அது தெரியாமை. ஆனால் அந்தத் தெரியாமையோடு அந்நாட்டினர் அமைதி கொள்ளவில்லை. நாட்டின் பாலங்களை ஈராண்டுக்கு ஒரு முறையேனும் ஆய்வு செய்ய வேண்டும் என்ற விதி, அந்தச் சாவுகளுக்குப் பின்னரே அங்கு நடைமுறைக்கு வந்தது. தெரியாது என்று சொல்லித் தப்பிக்கும் வழியை அவர்கள் தாமே அடைத்துக்கொண்டனர். அந்த நாளுக்குப் பின் தெரியாமை என்பது பெரும்பாலும் பாராமையின் மறுபெயரே.

26,500 டன்னும் ஒரு வாய் எச்சிலும்

"இவையெல்லாம் அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை அல்லவா? நாம் வரி செலுத்துகிறோம், பாலத்தைக் காப்பது அரசின் வேலை" என்று நம்முள் சிலர் சொல்லக்கூடும். இது நியாயமான மறுப்பே. வடத்தின் வலிமையை அளக்கும் கருவி நம் கையில் இல்லை. பொறுப்பில் இருப்பவரின் பங்கு நம்முடையதைவிடப் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கொல்கத்தா நகரின் ஹௌரா பாலம் இந்த மறுப்பிற்கு ஒரு விடை வைத்திருக்கிறது.

ஹூக்ளி ஆற்றின் மேல், மிதவைப் பாலம் ஒன்றிற்கு மாற்றாகக் கட்டப்பட்ட ஹௌரா பாலம் 1943 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உலகப் போர்க் காலமாதலால் ஆரவாரமான விழா எதுவும் இல்லை. அதில் 26,500 டன் எஃகு உள்ளது. அதில் 23,000 டன் நம் நாட்டின் டாட்டா ஆலையில் உருவானது. ஆற்றின் நடுவில் தூண் இல்லை. திருகாணிகள் இல்லாமல் தறையாணிகளாலேயே அது இணைக்கப்பட்டது. செந்தழலாகக் காய்ச்சிய ஆணியைத் துளையில் இட்டு அடிப்பர். அது குளிரும்போது சுருங்கி, இரு தகடுகளையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். 1965இல் கவி இரவீந்திரநாத் தாகூரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. புயலையும் நெரிசலையும் தாங்கிய அந்த மாபெரும் பாலத்திற்கு ஊறு விளைவித்தது எது தெரியுமா? நடந்து செல்வோர் துப்பிய வெற்றிலை எச்சில்.

பாலத்தின் தொங்கு தூண்களின் அடியைக் காக்க எஃகு உறைகள் அமைக்கப்பட்டிருந்தன. 6 மில்லிமீட்டர் தடிப்புள்ள அந்த உறைகள் சில ஆண்டுகளில் 3 மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்துவிட்டன என்ற செய்தி 2011ஆம் ஆண்டளவில் நாட்டையே வியக்க வைத்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த எச்சில் நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்ததே காரணம் எனக் கண்டனர். பின்னர்க் கண்ணாடி இழையாலான கவசங்களைப் பொருத்தினர்.

இரும்பின் பகைவர் நீரும் காற்றும் என்பதை நாம் அறிவோம். ஈரமும் உயிர்வளியும் சேர்ந்து இரும்பைத் துருவாக்குகின்றன. துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், நெருங்கிய இரு தகடுகளுக்கிடையே புகுந்து அவற்றைப் பிளக்கவும் செய்யும். வண்ணப் பூச்சுதான் இரும்பின் தோல். அத்தோலை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க எந்த அரசாலும் இயலும். ஆனால் இலட்சக்கணக்கானோர் நாள்தோறும் துப்பும் எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருக்க எந்த அரசாலும் இயலாது.

இங்கே இன்னொரு சிக்கலும் தலைகாட்டுகிறது. துப்பியவர்களுள் எவரும் பாலத்தை அழிக்க எண்ணியவர் அல்லர். ஒருவரது எச்சிலால் மட்டும் எந்தத் தூணும் தேய்ந்துவிடவில்லை. அப்படியானால் குற்றம் யாருடையது? எல்லாருக்கும் பகிர்ந்தளித்தால் ஒருவர் பங்கிற்கு வருவது ஏறத்தாழச் சுழியம். மோர்பியின் கம்பிகளும் அவ்வாறே. எந்தக் கையும் அவற்றை வெட்டவில்லை. பல ஆண்டுகள், பல கண்கள், பார்க்காமல் கடந்து சென்றன. பங்கிட்டால் கரைந்துபோகும் குற்றம் குற்றமே அன்று என்று நாம் சொல்லத் துணிந்தால், இறந்த 135 பேரின் முன் அதை எவ்வாறு சொல்வது? திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்யும் பாவ அறிக்கையில், செய்த தீமைகளோடு செய்யாமல் விட்ட கடமைகளையும் சேர்த்தே அறிக்கையிடுகிறோம். கூட்டத்தோடு நின்று சொன்னாலும் அங்கே ஒவ்வொருவரும் தம் மார்பிலேயே தட்டிக்கொள்கிறோம். அருகில் நிற்பவரின் மார்பில் தட்டுவதில்லை. பங்கிட முடியாத பொறுப்பு என்பதை இதைவிட எளிதாக உணர்த்த இயலுமா?

மூடுவதும் பேணுதலே

பேணுதல் என்றால் எதையும் என்றென்றும் வைத்துக்கொள்வது என்று பொருளில்லை. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல், திருவானைக்காவல் பக்கத்தையும் நம்பர் 1 டோல்கேட் பகுதியையும் இணைத்த இரும்புப் பாலம் 1928இல் கட்டப்பட்டது. சில்வர் பாலம் கட்டப்பட்ட அதே ஆண்டு. தலைமுறைகள் பல அதன்மேல் சென்றன. அருகில் புதிய பாலம் அமைந்த பின், 2016இல் வண்டிகள் பழைய பாலத்தைவிட்டு விலகின. 2018 ஆகஸ்டில் காவிரியிலிருந்து பெருவெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டது. தூண்களில் விரிசல் கண்டதும் பாலத்தின்மேல் எவரும் செல்லாதபடி தடுத்தனர். அதன்பின் அதன் ஒரு பகுதி ஆற்றில் சாய்ந்தது. உயிர்ச்சேதம் ஏதும் இல்லை.

ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் உழைத்த பாலம், ஒருவரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளாமல் போய்ச் சேர்ந்தது. இதற்குக் காரணம் உரிய காலத்தில் அதன் முதுமையை ஒப்புக்கொண்டதே. அங்கே முதலில் தளர்ந்தது மேலிருந்த இரும்பன்று; ஆற்றுப்படுகையில் ஊன்றிய தூண்களே. ஆற்றின் மணலும் பாலத்தின் ஓர் உறுப்பு என்பதை இது நமக்குக் கற்பிக்கிறது. பாலாற்றுப் படுகையில் மணல் எவ்வாறு அள்ளப்பட்டது என்பதைக் கண்ட நம் வட ஆர்க்காட்டு மக்கள் இதை மறத்தலாகாது.

இதற்கு நேர்மாறாக, 2025 ஜூன் 15ஆம் நாள் புனே நகரருகே குண்ட்மலாவில், இந்திராயணி ஆற்றின் மேலிருந்த பழைய இரும்பு நடைபாலம் விடுமுறைக் கூட்டத்தின் பாரத்தால் முறிந்து 4 பேர் இறந்தனர். அங்கே எச்சரிக்கைப் பலகை முன்னரே வைக்கப்பட்டிருந்தது. பலகை எழுதியவர் தம் கடமை முடிந்தது என்று எண்ணினார் போலும். ஏறியவர்களோ, எல்லாரும் ஏறுகிறார்களே என்று எண்ணியிருக்கலாம். எழுதிவைப்பது காப்பதாகாது, எழுதியதைப் படித்தும் ஏறுவது துணிவாகாது.

கட்டியவர் பெயரும் காத்தவர் பெயரும்

நம் திருத்தந்தையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லாகிய 'பொந்திஃபெக்ஸ்' என்பதற்குப் பாலம் கட்டுபவர் என்பது சொற்பொருள். இடைக்கால ஐரோப்பாவில் பாலப்பணி ஓர் இரக்கச் செயலாகவே போற்றப்பட்டது. பாலம் கட்டவும், பழுதுபட்ட பாலத்தைச் சீராக்கவும் பொருள் உதவியவர்களுக்கு ஆயர்கள் பலன்கள் அளித்தனர். பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில், ரோன் ஆற்றின் மேல் 12ஆம் நூற்றாண்டில் எழுந்த பாலம், ஆட்டு இடையரான புனித பெனேசேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதில் 22 வளைவுகள் இருந்தன. வெள்ளம் அடிக்கடி சில வளைவுகளை இடிக்க, மக்கள் மீண்டும் மீண்டும் கட்டினர். 17ஆம் நூற்றாண்டில் அச்செலவைத் தாங்க இயலாமல் கைவிட்டனர். இன்று எஞ்சியிருப்பவை 4 வளைவுகளே; அவை ஆற்றின் நடுவரை சென்று நின்றுவிடுகின்றன. கட்டிய புனிதரின் பெயரை உலகம் அறியும். வெள்ளத்திற்குப் பின் வந்து வந்து கல் அடுக்கிய கைகளின் பெயரை எவரும் அறியார்.

நம் பங்குகளிலும் இதுவே நிலை. ஆலயத்து மின்விசிறியின் இறக்கையில் 'உபயம்' என்று எழுதிப் பெயர் பொறிக்க நன்கொடை கிடைக்கிறது. அந்த விசிறிக்கு ஆண்டுதோறும் எண்ணெய் இடுபவருக்கு ஒரு நன்றியும் கிடைப்பதில்லை. புதிய கோபுரத்திற்குக் கல் நாட்டத் திரள்கிறோம். பழைய கூரையில் ஒழுகும் இடத்தைக் காண ஏணி ஏறுபவர் ஒருவரே. இதில் கட்டியவரைக் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் கட்டுபவரின் கொடை ஒரு நாளில் முடிகிறது. காப்பவரின் கொடையோ முடிவில்லாதது. அவரது வேலை நன்றாக நடந்ததற்கு அடையாளம், ஒன்றும் நிகழாமையே. ஒன்றும் நிகழாததற்கு யார் யாருக்கு நன்றி சொல்வது?

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு நாம் துணிந்து விடை சொல்லலாம். பேணுதல் உதவியன்று, கடன். உதவி என்றால் செய்யலாம், செய்யாமலும் விடலாம். ஆனால் நாம் பாலத்தில் ஏறிவிட்டோம். அதன் பயனைத் துய்த்துவிட்டோம். கடன்பட்டது கட்டியவரிடம், அவரோ மறைந்துவிட்டார். ஆதலால் அக்கடனை நமக்குப் பின் அதன்மேல் நடக்க இருப்பவரிடமே செலுத்தியாக வேண்டும். அவர் பெயரும் நமக்குத் தெரியாது. நம் பெயர் தெரியாமலேதான் முன்னவர் நமக்காக இரும்பு இட்டார்.

இரும்பை விட்டு வீட்டிற்குள் வந்தாலும் இதே அறம் நம்மைத் தொடர்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் பாலம் போன்ற ஒருவர் இருப்பார். பிரிந்த உடன்பிறப்புகளுக்கு இடையே தூது போகும் தமக்கை. கடனையும் கண்ணீரையும் தன்னோடு வைத்துக்கொள்ளும் தாய். கண் மங்கிய பின்னும் தறிக்குழியில் இறங்கும் முதியவர். அவர்கள் தாங்குகிறார்கள் என்பதற்காகவே மேலும் மேலும் அவர்கள்மேல் ஏற்றிக்கொண்டே போகிறோம். "அவருக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறார்" என்பது, 22 கம்பிகள் அறுந்த வடத்தைப் பார்த்து நாம் சொல்லும் அதே சொல். அவர்களது பொறுமையை அவர்களது நலம் என்று படிப்பது, பாலத்தைக் குறித்துச் செய்யும் பிழையினும் கொடிது. இரும்பு வலிக்கிறது என்று சொல்லாது. இவர்களோ சொல்ல முடிந்தும் சொல்லாமல் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியவை சிறியவையே. பாலத்தின்மேல் துப்பாமல் இருப்போம். தடுப்பு வைத்த பாலத்தில், பிறர் சென்றாலும் ஏறாதிருப்போம். கழன்ற கைப்பிடியையோ வெளித்தெரியும் துருக்கம்பியையோ கண்டால், உரிய அலுவலகத்திற்கு ஓர் அஞ்சலட்டையேனும் எழுதிவிட்டு, விடை வரும் வரை மீண்டும் எழுதுவோம். பங்குப்பேரவையில் அடுத்து என்ன கட்டலாம் என்று பேசும் நாளில், கட்டியதை யார், எப்போது பார்ப்பது என்றும் கேட்டு, அதற்கு ஒரு பெயரையும் ஒரு நாளையும் குறித்து வைப்போம். இன்றிரவு, வீட்டில் நம்மைத் தாங்குபவரின் அருகில் அமர்ந்து, எந்த இழை அறுந்திருக்கிறது என்று கேட்போம். நாடாவைச் சற்று நிறுத்தினால் இன்றைய நெசவு சிறிது குறையும், அவ்வளவே.